நெல், மிளகாய், வெங்காயப் பயிர்களைத் தாக்கும் பனிப்பூச்சி

விதைத்துப் பதினைந்து நாட்களான வயலில், நேற்றுவரை பச்சைப் பசேலென நின்ற நாற்றுக்களின் நுனி மஞ்சளித்து, இலைகள் ஊசிபோற் சுருண்டு நிற்பதைக் காணும் கமக்காரர், நீர்க்குறைவு அல்லது பசளைக்குறைவு என்றே முதலில் எண்ணுவர். சிலர் உடனே யூரியாவை வீசுவர். வேறு சிலர் கடைக்குச் சென்று, அங்கே கொடுக்கப்படும் மருந்தை வாங்கிவந்து தெளிப்பர். இவ்விரண்டுக்கும் முன்னர்ச் செய்யவேண்டிய வேலையொன்று உண்டு. அதற்குச் செலவு எதுவுமில்லை. உள்ளங்கையை நீரில் நனைத்து நாற்றுக்களின் மேல் மெல்லத் தடவிப் பாருங்கள். கறுப்பு நூலின் சிறு துணுக்குகள் போன்ற பூச்சிகள் கையில் ஒட்டிக்கொண்டு நெளியுமாயின், வயலிற் பனிப்பூச்சி புகுந்துவிட்டது என்பது உறுதி.

பனிப்பூச்சியை இலைப்பேன் எனவும் அழைப்பர். பேனைப் போலவே மடிப்பினுள் ஒளிந்திருந்து சாற்றை உண்பதால் அப்பெயரும் பொருத்தமானதே. ஆனாற் பெயர் ஒன்றாயினும் பூச்சி ஒன்றன்று. உலகில் ஏறத்தாழ 6,000 வகைப் பனிப்பூச்சிகள் அறியப்பட்டுள்ளன. நெல்லைத் தாக்குவது ஒரு வகை. வெங்காயத்தைத் தாக்குவது வேறொரு வகை. மிளகாயைத் தாக்குவது இன்னொரு வகை. நெல்லின் பனிப்பூச்சி நெல்லிலும் புல்லினத் தாவரங்களிலும் வாழ்வது. ஆகையால் வயலிற் கண்ட பூச்சி அயலிலுள்ள மிளகாய்த் தோட்டத்துக்குத் தாவிவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. மேலும், எல்லாப் பனிப்பூச்சிகளும் பயிருக்குப் பகையல்ல. உக்கும் இலைகளிலுள்ள பூசணத்தை உண்டு வாழ்பவையும் உள. பயிரைக் கெடுக்கும் சிற்றுண்ணிகளை வேட்டையாடி உண்டு நமக்கு உதவுபவையும் உள.

இத்துண்டுப் பிரசுரத்தில் நெல்லுக்கு ஒருவகைப் பரிகாரமும், தோட்டப் பயிர்களுக்கு வேறுவகைப் பரிகாரமும் கூறப்படுவதற்கு இவ்வேற்றுமையே காரணம்.

பூச்சியின் இயல்பு

வளர்ந்த பனிப்பூச்சியின் நீளம் 1 மில்லிமீற்றர் முதல் 1.5 மில்லிமீற்றர் வரையேயாகும். உடல் ஒடுங்கி நீண்டது. இறகுகள் நான்கும் மெல்லிய கோல்போன்றவை. அவற்றின் ஓரங்களில் மயிர்கள் வரிசையாக அமைந்து சீப்பைப் போலத் தோன்றும். இத்தகைய இறகுகளால் அது பலமாகப் பறக்கமாட்டாது. எனினும் உடல் மிக இலேசாகையால், காற்று அதனை வயலிலிருந்து வயலுக்கு எளிதிற் கொண்டுசெல்லும். தாக்குதல் பெரும்பாலும் காற்று வரும் பக்கத்து வரம்போரத்திலே தொடங்குவதை நீங்கள் கண்டிருக்கலாம்.

இப்பூச்சி உண்ணும் விதம் விசித்திரமானது. அதன் வாயில் இடப்பக்கத் தாடை மாத்திரமே வளர்ந்திருக்கும். அத்தாடையால் இலையின் மேற்றோலைக் குத்தித் துளைத்து, உள்ளேயுள்ள கலங்களின் சாற்றை உறிஞ்சிவிடும். சாறு நீங்கிய கலங்களிற் காற்றுப் புகுவதால் அவ்விடங்கள் வெள்ளி பூசியதுபோற் பளபளக்கும். பின்னர் அவை மஞ்சளாகிக் கபில நிறமடைந்து காயும். வெள்ளித் தழும்புகளுக்கிடையே மிகச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை பூச்சியின் எச்சங்களாகும். வெள்ளித் தழும்பும் கறுப்புப் புள்ளியும் ஒருங்கே காணப்படுமிடத்துப் பெரும்பாலும் ஐயத்துக்கு இடமில்லை.

பெண்பூச்சி முட்டையை இலையின் மேற்பரப்பில் வைப்பதில்லை. இலையைக் கீறி அதன் தசைக்குள்ளே புதைத்து வைக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிறிய மஞ்சள் நிறமுடையது, இறகில்லாதது. அது இருமுறை வளர்ச்சிநிலை மாறும்வரை உண்டுகொண்டேயிருக்கும். அதன்பின் உணவின்றி ஓய்வு கொள்ளும் பருவம் வரும். நெல்லின் பனிப்பூச்சி இப்பருவத்தைச் சுருண்ட இலைக்குள்ளே கழிக்கும். வெங்காயத்தின் பனிப்பூச்சி பெரும்பாலும் மண்ணுக்குட் சென்று தங்கும். வெப்பமான காலத்தில் முட்டை முதல் வளர்ந்த பூச்சிவரை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் போதும். ஆண்பூச்சியுடன் சேராமலே சந்ததியைப் பெருக்கும் ஆற்றலும் இவற்றுக்குண்டு. எனவே தோட்டத்திற் சில பூச்சிகளே எஞ்சினும் சில கிழமைகளிற் பழையபடி பெருகிவிடும்.

மருந்து தெளிப்போர் மனதிற் கொள்ளவேண்டிய விடயம் இதுவே: இலைத்தசைக்குட் புதைந்த முட்டையையும், மண்ணில் மறைந்த ஓய்வுப் பருவத்தையும் தெளித்த மருந்து சென்றடைவதில்லை. மருந்தடித்து ஆறேழு நாட்களின் பின்னர்ப் பூச்சி மீண்டும் தோன்றுவது மருந்து போலியானது என்பதற்கு எப்பொழுதும் அத்தாட்சியாகாது.

நெல்

நெற்பயிருக்குப் பனிப்பூச்சியால் ஆபத்து உண்டாவது விதைத்த முதல் மூன்று நான்கு கிழமைகளிலேயே. அதிலும் வயலில் நீர் நில்லாதபோதே அது பெருகும். பெரும்போகத்திற் புழுதியில் விதைத்துவிட்டு மழையை நம்பியிருக்கும் வயல்களில், முளைப்பதற்குப் போதிய மழை பெய்தபின் பத்துப் பதினைந்து நாட்கள் வானம் வெளித்துவிட்டால், பனிப்பூச்சிக்கு அதைவிட வாய்ப்பான காலம் வேறில்லை. சிறுபோகத்திலும் குளத்து நீர் முறை தாமதமாகும் மடைக்கடை வயல்களில் இதே நிலைமை ஏற்படும். மழை வலுத்துப் பெய்யத் தொடங்கியதும் பூச்சிகள் கழுவுண்டு குறைந்துவிடும்.

இலை சுருளுதலை நீர்க்குறைவினாலாகும் சுருளலிலிருந்து பிரித்தறிவது கடினமன்று. நீர் போதாத நாற்று நண்பகலிற் சுருண்டு, மாலையிலும் மறுநாட் காலையிலும் விரிந்துகொள்ளும். பனிப்பூச்சி தாக்கிய இலை அதிகாலையிலும் சுருண்டபடியே நிற்கும். ஆகையால் வெயில் ஏறுமுன் வயலைப் பாருங்கள். சுருண்ட இலையொன்றைக் கிள்ளி மெல்ல விரித்தால் உள்ளே மஞ்சள் நிறக் குஞ்சுகளையும் கறுத்த பூச்சிகளையும் காணலாம். வயது கூடிய பயிரில் இலையை நீளவாட்டில் மடித்து நூலாற் பிணைத்து உள்ளே பச்சையத்தைச் சுரண்டுவது இலை மடிக்கும் புழுவாகும். அது வேறு பீடை.

பூச்சி இருக்கிறதா என்பது மாத்திரமன்றி, எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியவேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஓர் அளவுகோல் கூறியுள்ளது. நனைத்த உள்ளங்கையால் வயலிற் பன்னிரண்டு இடங்களில் தடவி, ஒட்டிய பூச்சிகளை எண்ணும்போது மொத்தம் 60 இருந்தால், அல்லது நூறு நாற்றுக்களிற் பத்தில் முதலாம் இரண்டாம் இலைகள் சுருண்டிருந்தால், நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பதே அது. நமது வயல்களிலும் அதே நெல், அதே பூச்சி, அளவுகோலும் பயன்படும். வரம்போரத்தில் மாத்திரம் எண்ணிவிட்டுத் திரும்பாமல், வயலின் நடுப்பகுதியிலும் மேட்டிலும் பள்ளத்திலும் எண்ணுதல் வேண்டும்.

நடவடிக்கை என்றவுடன் தெளிகருவியைத் தேடவேண்டாம். நெல்லில் இப்பூச்சிக்கு முதன்மையான மருந்து நீரே. நாற்றுக்கள் முற்றாக மூழ்குமாறு வயலுக்கு நீர் கட்டி, ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை அவ்வாறே வைத்திருந்து, பின்னர் வடித்துவிடுங்கள். சுருண்ட இலைக்குள் இருக்கும் பூச்சிகள் மூச்சடைத்து இறக்கும். வெளியே இருப்பவை நீரில் மிதந்து வடிவாய்க்காலோடு போய்விடும். இரண்டு நாளுக்கு மேல் மூழ்கடித்தலாகாது, நாற்று அழுகும். முளைத்துச் சில நாட்களேயான மிக இளம் பயிரில் ஒரு நாளுடன் நிறுத்துவது நன்று. வடித்த நீரைப் பக்கத்து வயலுக்குள் விடாமல் வாய்க்காலுக்கே விடுங்கள். அயலவருக்கு உங்கள் பூச்சியை அனுப்புவது முறையன்று.

இம்முறை பயனளிக்காத வயல்களைச் சென்று பார்த்தால், பெரும்பாலும் நிலம் மட்டமாக இல்லாமையே காரணமாயிருக்கும். ஓர் அடி நீர் கட்டியும் நடுவிலுள்ள மேடு வெளியே தெரியுமாயின், பூச்சிகள் அங்கே உயிர்தப்பி மீண்டும் பரவும். பலகையடித்து நிலத்தைச் சமப்படுத்துவது நீரைச் சிக்கனப்படுத்துவதற்கும் களையை அடக்குவதற்கும் மாத்திரமன்று. பனிப்பூச்சிக்கும் அதுவே முற்காப்பு.

நீரை வடித்தபின் பயிர் மீண்டும் தழைப்பதற்கு உதவி வேண்டும். விதைத்து இரண்டு கிழமையளவில் இடவேண்டிய முதலாவது யூரியாப் பங்கை, உங்கள் பிரதேசத்துக்கு விதந்துரைக்கப்பட்ட அளவில், அப்பொழுது இடலாம். பயிர் மஞ்சளித்துவிட்டதே என்று அளவை இரட்டிப்பாக்கவேண்டாம். தழைச்சத்து மிகுந்த மெல்லிய இலை, பின்னர் வரும் பீடைகளை விருந்துக்கு அழைப்பதாகும். நாற்றின் குருத்து உயிரோடிருக்குமாயின், சுருண்டு காய்ந்த பழைய இலைகளைப் பற்றிக் கவலைகொள்ளவேண்டியதில்லை. நெல் புதிய இலைகளையும் மட்டங்களையும் விட்டு இழப்பை ஈடுசெய்யும். மூன்றாம் கிழமையிற் பார்க்கச் சகிக்காதிருந்த வயல், கதிர் தள்ளும்போது அயல் வயலோடு வேறுபாடின்றி நிற்பது வழக்கமான காட்சியே.

நீர் கட்ட வழியில்லாத மானாவாரி வயலுக்கு என் செய்வது என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. முகில் கூடி மழைக்குறி தெரியுமாயின், சில நாட்கள் பொறுத்திருப்பது நட்டமாகாது. மழைக்குறி இல்லாமல், நாற்றுக்கள் குருத்தோடு காய்ந்து இறக்கத் தொடங்கினால், அப்பொழுது மருந்து தெளிப்பது தவிர்க்கமுடியாததாகலாம். அவ்வாறாயினும் முழு வயலுக்கும் தெளியாமல், தாக்குண்ட திட்டுக்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த சிறு பரப்புக்கும் மாத்திரம் தெளித்தால் போதும். ஆண்டுதோறும் தவறாமல் இப்பூச்சி வரும் வயலாயின், விதைநெல்லையே மருந்தூட்டி விதைக்கும் முறையொன்று உண்டு. அதனை அடுத்த போகத்துக்கு முன்னர் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து செய்யுங்கள். மருந்தூட்டிய நெல்லிற் பிடியளவேனும் கோழிக்கோ குற்றுவதற்கோ போகாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும்.

மருந்தைப் பற்றி இவ்வளவு தயக்கம் ஏன்? பனிப்பூச்சிக்கென்று விசிறும் மருந்து பனிப்பூச்சியை மாத்திரம் கொல்வதில்லை. இளம்பயிரிற் குடியேறும் சிலந்திகளையும், பொறிவண்டுகளையும், பீடைகளின் முட்டைகளை உண்ணும் சிறு மூட்டுப்பூச்சிகளையும் அது அழித்துவிடும். இவை இல்லாத வயலிற் பின்னர்க் கபிலநிறத் தத்தி வந்து சேருமாயின் அதனைத் தடுப்பார் எவருமில்லை. பனிப்பூச்சி சில இலைகளை உண்ணும். கபிலநிறத் தத்தியோ வட்டம் வட்டமாக வயலை எரித்துவிடும். முன்னதற்கு அஞ்சிப் பின்னதை வரவழைப்பது நட்டமான வியாபாரம். வியட்நாமின் மேகொங் ஆற்றுச் சமவெளியில், விதைத்த முதல் நாற்பது நாட்களுக்கு இலையுண்ணும் பூச்சிகளுக்கென மருந்து தெளிக்கவேண்டாம் என்று 1994 ஆம் ஆண்டு முதல் வானொலி மூலம் கமக்காரருக்கு எடுத்துரைக்கப்பட்டது. தெளிப்பைக் குறைத்தோரின் விளைச்சல் அதனாற் குறைந்துவிடவில்லை.

போகம் தொடங்குமுன் செய்யத்தக்கவை இரண்டு. வரம்பிலும் வாய்க்காற் கரையிலுமுள்ள புற்களை விதைப்புக்கு முன்னரே செருக்குங்கள். நெல் இல்லாத காலத்திற் பனிப்பூச்சி தங்கியிருப்பது அப்புற்களிலேயே. அடுத்து, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திற் குறிக்கப்படும் திகதிகளுக்குள் வெளி முழுவதும் ஒருமித்து விதையுங்கள். முந்தி விதைத்த வயல்களிற் பெருகிய பூச்சிகள் யாவும், பிந்தி விதைத்த ஒருவரின் இளம் நாற்றின்மேல் வந்து குவிவதால், பெரும் சேதம் அவருக்கே.

மிளகாய்

மிளகாயில் நிலைமை வேறு. இங்கு நீர் கட்டி மூழ்கடிக்க இயலாது; பூச்சியும் நாற்றுமேடை தொடங்கிக் காய் பறிக்கும்வரை விடாது தொடரும். கமக்காரர் அதிக பணத்தை மருந்துக்கு இழப்பதும் இப்பயிரிலேதான். அவ்விழப்பிற் பெரும்பகுதி, இலை சுருண்டதைக் கண்டவுடன் அதன் காரணத்தை ஆராயாது மருந்து மாற்றி மருந்து அடிப்பதனால் ஏற்படுகிறது.

மிளகாயின் இலைச்சுருளலுக்குக் காரணமானவை மூன்று. அவற்றைப் பிரித்தறியும் முறையைக் கவனமாக வாசியுங்கள்.

இலையின் இரு ஓரங்களும் மேல்நோக்கி வளைந்து இலை ஓடத்தைப் போலத் தோன்றுமாயின், அது பெரும்பாலும் பனிப்பூச்சியின் வேலை. இலையின் அடிப்பக்கத்தில் நரம்போரமாகக் கபில நிறத் தழும்புகள் இருக்கும். கொழுந்தை ஒரு வெள்ளைக் கடதாசியின் மேற் பிடித்து விரலால் இரண்டு மூன்று முறை தட்டினால், வெளிறிய மஞ்சள் நிறமுள்ள மிகச் சிறு பூச்சிகள் விழுந்து ஓடுவதைக் காணலாம்.

இலையின் ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்துவைத்த ஓடம்போல் இலை ஒடுங்கி, அதன் காம்பு நீண்டு, அடிப்பக்கம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்குமாயின், காரணம் பனிப்பூச்சியன்று, சிற்றுண்ணியாகும். இது பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக் கால்களுடைய சிலந்தி இனத்தது. வெறுங்கண்ணுக்குத் தெரிவது அரிது.

இலைகள் மிகச் சிறுத்து, நரம்புகள் தடித்து, கணுக்கள் நெருங்கி, செடி முழுவதும் குறளித்து நிற்குமாயின், அது வைரசு நோய். வெண் ஈ அதனைச் செடியிலிருந்து செடிக்குக் கொண்டுசெல்லும். அத்தகைய செடிகள் தோட்டத்தில் ஆரம்பத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நிற்கும்.

இனி இதன் பயனைப் பாருங்கள். சிற்றுண்ணிக்கு நீரிற் கரையும் கந்தகத் தூள் நன்கு வேலை செய்யும். பனிப்பூச்சிக்கு அதனை நம்பியிருக்கமுடியாது. பனிப்பூச்சிக்கென விற்கப்படும் பல மருந்துகள் சிற்றுண்ணியை அணுவளவும் பாதிப்பதில்லை. அவற்றுட் சில, சிற்றுண்ணியை உண்ணும் நன்மை தரும் உயிர்களைக் கொன்று சிற்றுண்ணியைப் பெருகச் செய்வதும் உண்டு. வைரசு நோய்க்கோ மருந்தே கிடையாது. நோயுற்ற செடியை இளமையிலேயே பிடுங்கி அகற்றி, வெண் ஈயைக் கட்டுப்படுத்துவதே வழி. எனவே காரணத்தை அறியாது அடிக்கும் மருந்து மூன்றில் இரண்டு வேளை வீண்செலவாகும் எனலாம். மூன்றும் ஒரே தோட்டத்தில் இருப்பதும் உண்டு. அப்போது எது மிகுதியென அறிந்து அதனை முதலில் அடக்கவேண்டும்.

நாற்றுமேடையில் எடுக்கும் கவனம் பிற்காலச் செலவிற் பாதியைக் குறைக்கும். மேடையைப் பூச்சி புகாத நுண்வலையால் மூடி நாற்றுக்களை வளர்த்தல் பனிப்பூச்சி, வெண் ஈ இரண்டுக்கும் ஏற்ற காப்பு. பழைய மிளகாய்த் தோட்டத்தின் அருகே மேடை அமைக்கவேண்டாம். அறுவடை முடிந்த செடிகளைப் பிடுங்காது நிற்கவிடுதல், அடுத்த போகத்துக்குப் பூச்சியை வளர்த்துக் கொடுப்பதாகும். நட்டபின் நிலம் காய்ந்து வெடிக்கவிடாமல் ஒழுங்காக நீர் இறைக்கவேண்டும். வாடிய செடியிற் சேதம் மிகும். தூவல் முறையில் நீர்ப்பாய்ச்சும் வசதியுள்ளோர், அந்நீர் கொழுந்தைக் கழுவுவதால் பூச்சி ஓரளவு குறைவதைக் காண்பர். நீல நிறப் பசைத்தாள்களைச் செடியின் உச்சி மட்டத்திற் கட்டிவைத்தால் பூச்சியின் வரவை முன்கூட்டியே அறியலாம். ஆயினும் தாளிலே பூச்சி ஒட்டுவதைக்கொண்டு தோட்டம் காக்கப்பட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம். அது காவல் நாய் போன்றது. குரைக்கும், திருடனைப் பிடிப்பது உங்கள் பொறுப்பு.

பூக்களையும் இடையிடையே விரித்துப் பாருங்கள். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவின் ஆந்திரா, தெலுங்கானா மாநிலங்களில், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த கறுத்த பனிப்பூச்சி வகையொன்று மிளகாய்ப் பூக்களிற் பெருவாரியாகப் பெருகியது. பூக்கள் உதிர்ந்து, காய்கள் கோணி, பலர் செடிகளையே பிடுங்கி எறிய நேர்ந்தது. அடுத்தடுத்து மருந்தடித்தும் அதனை அடக்க முடியவில்லை. உங்கள் தோட்டத்திற் பூவொன்றினுள் கறுத்த பூச்சிகள் கூட்டமாகக் காணப்பட்டால், நீங்களாகப் பரிகாரம் தேடாது, பூக்கள் சிலவற்றை ஒரு போத்தலில் இட்டு மூடி உடனே விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

வெங்காயம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கற்பிட்டியிலும் சின்ன வெங்காயத்தையும், மாத்தளை மாவட்டத்திற் பெரிய வெங்காயத்தையும் செய்வோர் இப்பூச்சியை நன்கு அறிவர். தாளில் வெள்ளிக் கோடுகள் விழுந்து, நுனி கருகி, பாத்தி முழுவதும் தூரத்திலிருந்து பார்க்கும்போது சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். பூச்சி வெளித்தாளில் இராது. நடுத்தாள்கள் ஒன்றோடொன்று சேருமிடத்தில், கழுத்துக்குள் ஒடுங்கியிருக்கும். ஆகையால் தாள்களை விலக்கிக் கழுத்தைப் பார்க்கவேண்டும்.

கிழங்கு பருக்கத் தொடங்கும் காலமே மிக முக்கியமானது. அப்போது தாள் கருகினால் கிழங்கு சிறுக்கும். முற்றித் தாள் சாயத் தொடங்கியபின் பூச்சியைக் கண்டு மருந்தடிப்பதாற் பயனில்லை. பூச்சி உண்டாக்கிய காயங்களின் வழியே ஊதாப் புள்ளி நோயின் பூசணம் எளிதிற் புகும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பூசணநாசினியைத் திரும்பத் திரும்பத் தெளித்தும் அந்நோய் அடங்காத தோட்டங்களில் முதலிற் பனிப்பூச்சி உண்டா எனப் பார்ப்பது தகும்.

நட்டபின் பாத்திகளை வைக்கோலால் மூடுதல் நல்ல பலன் தரும் எளிய முறை. மண்ணின் ஈரம் காக்கப்படுவதோடு, மூடிய பாத்தியில் பூச்சியின் தொகையும் குறைவாயிருப்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. மூடும் வைக்கோல் ஈரத்தில் அழுகிக் கிடவாதபடி மெல்லியதாகப் பரப்பவேண்டும். யூரியாவை அளவுக்கு மேல் இட்ட பாத்தியிற் பூச்சி அதிகம். ஒரே நிலத்தில் வெங்காயத்தின் பின் வெங்காயமாகச் செய்யாது, இடையில் வேறு பயிர் செய்தல் மண்ணில் ஒளிந்திருக்கும் பருவத்தைக் குறைக்கும். புதிய வெங்காயத்தைப் பழைய தோட்டத்துக்குக் காற்றோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் நடவேண்டாம்.

கத்தரி, வெள்ளரி, பயற்றை, கறிமிளகாய் ஆகியவற்றையும் பனிப்பூச்சிகள் தாக்கும். இலையின் கீழ்ப்பக்கத்தில் வெள்ளித் தழும்பும், காயின் தோலிற் சொறிபோன்ற வடுவும் அறிகுறிகள். பரிசோதனையும் பரிகாரமும் மிளகாய்க்குக் கூறியவாறே.

வேப்பம்விதைச் சாறும் கடைமருந்தும்

தோட்டப் பயிர்களிற் பூச்சி தொடக்க நிலையிலிருக்கும்போது வேப்பம்விதைச் சாறு போதியது. வடக்கிலும் கிழக்கிலும் வேம்பில்லாத ஊர் அரிது. விதை காலடியிலே வீணாகிறது. பழுத்து விழுந்த விதைகளைச் சேர்த்துக் கழுவி நிழலில் உலர்த்திக் காற்றோட்டமாக வையுங்கள். பூஞ்சணம் பிடித்த விதை உதவாது. கோது நீக்கிய பருப்பில் 500 கிராமை இடித்துத் துணியிற் பொட்டலமாகக் கட்டி, சிறிதளவு நீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையிற் பிழிந்து வடிகட்டி, 10 லீற்றராகும்வரை நீர் சேர்க்கவேண்டும். 16 லீற்றர் கொள்ளும் தெளிகருவிக்கு 800 கிராம் பருப்புத் தேவை. சிறிது சவர்க்காரத்தைக் கரைத்துச் சேர்த்தால் இலையிற் படியும். மெழுகுபோன்ற வெங்காயத் தாளுக்கு இது அவசியம். வெயில் இச்சாற்றின் வீரியத்தைக் கெடுப்பதால் மாலை வேளையிலே தெளிக்கவேண்டும். செய்த சாற்றை அன்றே முடித்துவிடுங்கள். இதன் வேலை மெதுவானது. மறுநாட் காலையில் இறந்த பூச்சிகளைத் தேடிவிட்டு, சாறு பயனற்றது என்று கூறுதல் சரியன்று. அது பூச்சியின் உண்ணுதலையும் வளர்ச்சியையும் தடுப்பது; ஏழு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தபின்னரே அதன் பலனை மதிப்பிடவேண்டும்.

அதற்கும் அடங்காதவிடத்துக் கடைமருந்தை நாடலாம். எம்மருந்து, எவ்வளவு என்பதை அயலவர் அடித்ததைக்கொண்டு தீர்மானிக்கவேண்டாம். பழைய மருந்துகளின் பெயர்களை மனதில் வைத்திருப்போரும் கவனிக்க: மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியன 1995 இலும், என்டோசல்பான் 1998 இலும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன, பனிப்பூச்சிக்குப் பலரும் உபயோகித்த டைமெதோயேற்று 2008 முதல் 2011 வரையான காலத்திற் படிப்படியாக விலக்கப்பட்டது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்பட்டு, மூன்று மொழிகளிலும் சிட்டை ஒட்டிய போத்தலையே வாங்குங்கள். வேறு போத்தலில் ஊற்றிக் கொடுப்பதை வாங்கவேண்டாம். அந்தப் போகத்துக்கு விதந்துரைக்கப்பட்ட மருந்தின் பெயரைக் கமநல சேவை நிலையத்திற் கேட்டால் எழுதித் தருவர்.

ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து அடிக்கும் தோட்டத்தில், அதனைத் தாங்கும் பூச்சிகளே எஞ்சிப் பெருகும். கடையில் வேறு பெயருள்ள போத்தலை வாங்கிவிட்டால் மருந்து மாறிவிட்டது என்று எண்ணுவோர் பலர். இரண்டு வர்த்தகப் பெயர்களுக்குள்ளும் ஒரே சரக்கு இருக்கலாம். சிட்டையிற் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருளின் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று மருந்துகளை ஒரே தாங்கியிற் கலந்தடிப்பதைக் கைவிடுங்கள்.

தெளிக்கும்போது கொழுந்து, இலையின் அடிப்பக்கம், வெங்காயத்திற் கழுத்து ஆகிய இடங்கள் நனையவேண்டும். மேலோட்டமாக விசிறிக்கொண்டு நடந்தால் மருந்து பூச்சியைச் சேராது. பூக்கும் காலத்திற் தேனீக்கள் வந்துபோகும் காலை வேளையிற் தெளியாமல் மாலையிற் தெளியுங்கள். காற்றுக்கு எதிராக நின்று தெளியாதீர்கள். நீண்ட கைச்சட்டையும் கையுறையும் முகமறைப்பும் அணிந்து, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்து, உடையைத் தனியாகத் துவையுங்கள். தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவுதல் ஆகாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது விரைவிலே கீழே சேரும், குடிநீரும் அதே நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. மருந்தடித்தபின் அறுவடைக்கு எத்தனை நாட்கள் காத்திருக்கவேண்டும் என்பது சிட்டையில் எழுதப்பட்டிருக்கும். பச்சை மிளகாயும் வெங்காயத்தாளும் நாலைந்து நாளுக்கொருமுறை பறித்துச் சந்தைக்கு அனுப்பப்படுபவை. ஆகையால், நாளை பறிக்கவேண்டிய பாத்திக்கு இன்று மருந்து தெளிக்கவேண்டாம். முதலிற் பறித்துவிட்டுப் பின்னர்த் தெளியுங்கள், குறித்த நாட்கள் கழியும்வரை அப்பாத்தியிற் கைவைக்காதிருங்கள்.